பவுன் விலையும் ஒரு விம்பிள்டன் ஃபைனலும்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு விம்பிள்டன் பட்டம் கிடைத்தது. புதன்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விஷயம் தெரியாதவர்கள் இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்பார்கள். தெரிந்தவர்கள் நாலு நாளாக இன்பாக்ஸில் வந்து திட்டுகிறார்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. பட்டம் நிஜ விம்பிள்டனில் இல்லை, நாங்கள் சேர்ந்து கம்ப்யூட்டரில் நடத்தும் கற்பனை டென்னிஸ் சீசனில். நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த வருட விம்பிள்டனை ரத்து செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மார்ச்சிலேயே அமெரிக்காவின் இண்டியன் வெல்ஸ் போட்டி போய்விட்டது, அதன்பின் எல்லாமே வரிசையாகப் போயிற்று. அந்த மாதக் கடைசியில் மாட்ரிட்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆட்டக்காரர்களை அவரவர் வீட்டிலேயே உட்காரவைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, வீடியோ கேமிலேயே மாட்ரிட் ஓபனை நடத்திவிட்டார்கள். ஆண்கள் பிரிவில் கோஃபினை டை-பிரேக்கில் (செட் சமனில் நின்றால் முடிவு செய்யும் கடைசி கேம்) தோற்கடித்து ஆண்டி முர்ரே ஜெயித்தார். பெண்களில் கிக்கி பெர்டென்ஸ். அரையிறுதியில் ஷ்வார்ட்ஸ்மேனுக்கு இன்டர்நெட் இழுத்தடிக்க, மனிதர் பெருந்தன்மையாக முர்ரேவுக்கு விட்டுக்கொடுத்தார். நடால் முதுகுவலி என்று பாதியில் விலகினார். வீடியோ கேமுக்கு முதுகுவலியா என்று அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல.

எங்கள் சீசன் பிறந்தது அந்தச் சிரிப்பில்தான். ஆனால் எங்களுடையதில் யாரும் கன்ட்ரோலரைத் தொடுவதில்லை. ஆடுவது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு நிரல். நாங்கள் அறுபது சொச்சம் பேர். ஆளுக்கு ஒரு கற்பனை ஆட்டக்காரன். பதினாறு வயதில் கையில் கொடுப்பார்கள். எந்த டோர்னமென்ட்டுக்கு அனுப்புவது, எந்த வாரம் ஓய்வு, பயிற்சியை சர்வில் (புள்ளியைத் தொடங்கும் அடி) போடுவதா ரிட்டர்னில் (அதைத் திருப்பி அடிப்பது) போடுவதா, களிமண்ணுக்குத் தயார் செய்வதா புல்லுக்கா, இதெல்லாம் நம் முடிவு. அதற்குப் பிறகு கும்பிடு போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். என் பையனுக்கு எங்கள் பெரிய மாமாவின் பெயர் வைத்திருக்கிறேன். இடது கை. இப்போது 23 வயது. மாமா ஆயுளில் பந்தைத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

உள்ளே நடக்கும் கணக்கு எளிது. ஆண்கள் டென்னிஸில் சர்வ் போடுகிறவர் நூறு புள்ளிக்கு ஏறக்குறைய 64 எடுப்பார். அந்த எண்ணை எதிராளியின் ரிட்டர்ன் பலம், தரை, களைப்பு எல்லாம் பார்த்துக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தாயம் உருட்டினால் ஆட்டம் ஆகிவிடும். புள்ளியில் 60 சதவீதம் எடுப்பவன் தான் சர்வ் போடும் கேமை 74 சதவீதம் காப்பாற்றுவான். 64 என்றால் 81. 70 ஆனால் 90. இதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது, பிளஸ் டூ நிகழ்தகவு போதும்.

களைப்பு என்ற சமாச்சாரத்தை உள்ளே நுழைத்ததில் என் பங்கு உண்டு, தற்பெருமை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 2008 ஜனவரியில் நான் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் இருந்தேன். சென்னை ஓபன் அரையிறுதி, நடாலும் மோயாவும். மூன்று செட்டும் டை-பிரேக். ஏறக்குறைய நாலு மணி நேரம். நடால் ஜெயித்தார். மறுநாள் ஃபைனலில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று போனார். உலகத்தின் இரண்டாம் நம்பர் பந்தைத் துரத்தாமல் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், கால் வரவில்லை. இந்தக் கதையைச் சொல்லித்தான், முந்தின நாள் ஆடிய நிமிடங்களை மறுநாள் கணக்கில் கழிக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். நிஜத்தில் அந்தப் போட்டி 2018இல் புனேவுக்குப் போய்விட்டது. எங்கள் காலண்டர் மட்டும் வீம்புக்கு இன்னமும் ஜனவரி முதல் வாரம் சென்னையில்தான் தொடங்குகிறது.

சரி, தாயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் உருட்டும் தாயம் அசல் தாயம் கிடையாது. அதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதன் பெயரும் சீட்தான் (seed). டென்னிஸ் தரவரிசைச் சீடுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் எங்கள் குழுவில் பாதிச் சண்டை இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் வரும். ஒரே சீடைக் கொடுத்தால் அதே நிரல் ஒவ்வொரு தடவையும் அதே முடிவைத்தான் தரும், ஒரு புள்ளி மாறாது. அப்படியானால் அந்த எண்ணை யார் தேர்ந்தெடுப்பது? நடத்துகிறவரே எடுத்தால் சந்தேகம் வரும். முதல் வருடமே ஒருத்தர் அருமையான வழி சொன்னார்: ஆட்டத்துக்கு முந்தின நாள் சென்னையில் ஆபரணத் தங்கம் ஒரு பவுன் என்ன விலையோ, அதுதான் சீட். யாரும் வளைக்க முடியாது. மறுநாள் பேப்பரைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நிரலும் எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டில் மனைவி ‘தங்கம் ஏறிடுச்சு’ என்று அலுத்துக்கொள்ளும்போது, அரையிறுதிக்கு அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று யோசித்த ஆள் நான். கேட்டால் சிரிப்பீர்கள்.

சரிபார்க்கலாம் என்றாலும் இத்தனை வருடத்தில் யாரும் சரிபார்த்ததில்லை. முன்னாடியே ஓட்டிப் பார்த்தால் சுவாரஸ்யம் போய்விடும், பின்னாடி ஓட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

ஞாயிறு ராத்திரி ஃபைனல். என் பையன் நம்பர் ஒன். எதிரே தகுதிச்சுற்றிலிருந்து வந்த ஒருத்தன், தரவரிசையில் 143. அவனை வளர்ப்பவர் கும்பகோணம் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நடத்துகிற நண்பர் நிரலை ஓட்டிவிட்டு, ஸ்கோரை கேம் கேமாகக் குழுவில் போடுவார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம். பிரேக் பாயிண்ட், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்கும் புள்ளி என்றால் வேண்டுமென்றே இழுப்பார். முதல் செட் போச்சு. ரெண்டாவதும் போச்சு, டை-பிரேக்கில். மூணாவது 7-5 எனக்கு. நாலாவது 6-2. அஞ்சாவது 6-6, இப்போதைய விதிப்படி பத்துப் புள்ளி டை-பிரேக். 8-8இல் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றேன். உள்ளே வந்து பார்த்தால் 10-8. மணி பதினொன்றரை, கத்தவும் முடியவில்லை. வாத்தியார் உடனே தனியாக மெசேஜ் போட்டார்: ‘அஞ்சாவது செட்ல உங்க பையன் அசத்திட்டான் சார், வாழ்த்துகள்.’

செவ்வாய்க்கிழமை, பைத்தான் கற்றுக்கொண்டிருக்கும் காலேஜ் பையன் ஒருத்தன், தன் கம்ப்யூட்டரில் நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, சனிக்கிழமைப் பவுன் விலையைக் கொடுத்து ஃபைனலை ஓட்டியிருக்கிறான். அவனுக்கு வந்த முடிவு: தகுதிச்சுற்று ஆள் 6-4, 7-6, 6-3. நேர் செட்டில் என் பையன் காலி. தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக் குழுவில் அப்பாவியாகக் கேட்டான். அரை மணி நேரம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நண்பர் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவர்மேல் கோபம் பாதி குறைந்தது. “நம்பர் ஒன் 143கிட்ட நேர் செட்ல தோத்தா யாரு நம்புவா? நிரல்ல ஏதோ கோளாறு, பக்னு சொல்வாங்க. சீசனே சப்புனு முடிஞ்சிருக்கும்” என்றார். அதனால் பவுன் விலையோடு ஒன்றைக் கூட்டி ஓட்டியிருக்கிறார். பிறகு ரெண்டு. ஏழாவது தடவைதான் ‘நல்ல மேட்ச்’ வந்ததாம்.

குழுவில் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம். நல்ல ஃபைனல் பார்த்தோம், விடுங்க சார் என்கிறார்கள். நான் விடமாட்டேன் என்பதற்குக் காரணம் நேர்மை, தர்மம் மாதிரியான பெரிய வார்த்தைகள் இல்லை. டென்னிஸே அவர் பயந்த மாதிரியான ஆட்டம்தான் என்பதுதான் காரணம்.

2021 யுஎஸ் ஓபனை எடுங்கள். எம்மா ரடுகானு, 18 வயது, தரவரிசை 150, தகுதிச்சுற்றிலிருந்து வந்தவர். மொத்தம் பத்து ஆட்டம், ஒரு செட்டைக்கூட விடாமல் கோப்பை. 2001 விம்பிள்டனில் இவானிசெவிச் 125ஆம் இடத்திலிருந்து வைல்டு கார்டில் (நடத்துகிறவர்கள் தரும் சிறப்பு அனுமதி) வந்து ஜெயித்தார். எங்கள் நிரல் இதைக் கொடுத்திருந்தால் நம் நண்பர் எத்தனை தடவை மறுபடி ஓட்டியிருப்பார்?

2010 விம்பிள்டன் இஸ்னர்-மஹூ ஆட்டம் இன்னும் மோசம். அஞ்சாவது செட் 70-68. மூணு நாளில் மொத்தம் 11 மணி 5 நிமிடம். ஸ்கோர்போர்டு 47-47 வந்ததும் நின்றுவிட்டது, அதற்குமேல் எண்ணச் சொல்லி அதை யாரும் எழுதியிருக்கவில்லை. நிஜ ஆட்டம் நிரலைத் தாண்டிப் போய்விட்டது, யோசித்துப் பாருங்கள். அதில் தோற்ற மஹூதான் அதிகப் புள்ளி எடுத்தவர், 502க்கு 478. எங்கள் குழுவில் 70-68 என்று ஒரு ஸ்கோர் விழுந்திருந்தால் பக் என்று சொல்லி அடுத்த நிமிடமே அழித்திருப்பார்கள். முதல் கை தூக்கியவன் நானாகக்கூட இருந்திருப்பேன்.

ஃபெடரர் 2024இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தாராம், ஆனால் எடுத்த புள்ளிகள் 54 சதவீதம்தான். நூற்றுக்கு 46 புள்ளி தோற்றவர் அவர்! அதே ஃபெடரர் 2019 விம்பிள்டன் ஃபைனலில் 218 புள்ளி எடுத்தார், ஜோகோவிச் 204. கடைசி செட்டில் 8-7, 40-15, கையில் ரெண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலே கோப்பை. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்த ராத்திரி ஆறவில்லை. அதற்காக யாராவது போய் ‘இது சரியில்லை, மறுபடி ஆடுங்க’ என்று கேட்டோமா? கேட்க முடியாது என்பதால்தான் ஏழு வருடம் ஆகியும் புண் அப்படியே இருக்கிறது.

கற்பனை ஆட்டத்தில் வியர்வை இல்லை, முழங்கால் இல்லை, கூட்டம் இல்லை. பிடித்துக்கொள்ள இருப்பது ஒன்றே ஒன்று: விழுந்த தாயம் விழுந்ததுதான். அதையும் எடுத்துவிட்டால் நான் பால்கனியில் நின்ற அந்த அஞ்சு நிமிடம், ஏழு கதையில் ஒருத்தர் தேர்ந்தெடுத்துச் சொன்ன கதைக்காக நின்றது. சீரியலுக்கு அழுத மாதிரி. சீரியல் பார்ப்பது தப்பில்லை, எங்கள் வீட்டிலும் ஓடுகிறது. ஆனால் அதற்கு யாரும் தரவரிசை போட்டு, 52 வாரம் புள்ளியைத் தூக்கிச் சுமந்து, அது கழிவதற்குள் அடுத்த வருடம் அதே போட்டியில் மறுபடி ஜெயித்துக் காப்பாற்றப் பாடுபடுவதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் ஏழு தடவை ஓட்டியது நம்பர் ஒன்னுக்காக. முதல் ஓட்டத்திலேயே என் பையன் 143ஐ நசுக்கியிருந்தால் ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பார், அது ‘நம்பும்படி’ இருந்திருக்கும். ஆகவே இத்தனை வருடத்தில் என் மற்ற கோப்பைகளில் எத்தனை பவுன் விலையில் வந்தது, எத்தனை கூட்டலில் வந்தது? சனிக்கிழமை விலைகள் எல்லாம் பழைய பேப்பரில் இருக்கின்றன. காலேஜ் பையன் ஓட்டிப் பார்க்கிறேன் அண்ணா என்றான். கொஞ்ச நாள் போகட்டும் தம்பி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை தரவரிசைப் பட்டியலைத் திறந்து நானே மாற்றினேன். சாம்பியனுக்கான என் 2000 புள்ளியை எடுத்துவிட்டு, ரன்னர்-அப்புக்கு உரிய 1300. நம்பர் ஒன் போயிற்று, சின்சினாட்டி போட்டியில் ரெண்டாவது சீட் (தரவரிசைச் சீட்). வாத்தியாருக்கு ஃபோன் போட்டு, கோப்பை உங்களுடையது சார் என்றேன். மனிதர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஏதாவது உருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா.

“அப்போ அடுத்த ஜூலைல இந்த ரெண்டாயிரத்தையும் நான்தான் டிஃபெண்ட் பண்ணணுமா சார்?” என்றார்.