மல்லிகைக் கவாத்து (கிளை வெட்டுறது): சித்திரையில் வேண்டாம்

"குண்டுமல்லி பூக்கலைன்னா சித்திரை வெயில்ல பாதியா வெட்டிவிடுங்க, கொத்துக் கொத்தா பூக்கும்"னு ஒருத்தர் போட்டிருக்காங்க. தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க. மல்லி மொட்டு விடுறது புதுத் துளிரோட நுனியில. சித்திரையில அந்தத் துளிர் எல்லாம் மொட்டோட நிக்கும்; வெட்டினா சீசன் பூவே கையோட போச்சு.

குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம். தரையில இருக்குற செடின்னா 50 செ.மீ. உயரம் விட்டு, கணுவுக்குச் சற்று மேலே கூரான கத்தரியால சாய்வா வெட்டணும். மழுங்கின கத்தரி தண்டை நசுக்கும், அங்கிருந்தே காயும். காய்ந்த, பின்னிக் கிடக்குற கிளைகளையும் மிச்ச இலைகளையும் எடுத்துடுங்க. தொட்டிக்கு இரண்டு கை மட்கின தொழு உரம், தண்டை ஒட்டாம ஓரமா. மார்ச் வாக்கில மொட்டு வரும்.

பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூணையும் ஒரே நாள்ல வெட்டுறதும் தப்புதான்.

இப்போ சித்திரையில செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பூ உதிர்ந்த நுனியை மட்டும் இரண்டு கணு கிள்ளிவிடுங்க. நிழல்ல இருக்குற தொட்டியை வெயிலுக்கு மாத்துங்க. பல வீட்டுல பூக்காததுக்குக் காரணமே அந்த நிழல்தான்.