வேலைத்தளத்து வீணுக்குக் கொத்தனாரை மட்டும் குறை சொல்லலாமா?

மதுரையில் ஒத்தக்கடை, திருப்பாலை, நாகமலைப் புதுக்கோட்டை என எந்தப் பக்கம் போனாலும் வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. வேலை முடியும் தறுவாயில் மனைக்கு முன்னால் உடைந்த செங்கல்லும், கட்டியாகிப்போன சிமெண்டும், டைல்ஸ் துண்டுகளும் குவிந்து கிடக்கும். அவற்றை அள்ளிக்கொண்டு போகும் டிராக்டர் எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை; கண்மாய்க் கரைகளையும் வைகை ஓரத்தையும் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வீட்டுக்காரர்கள் இந்தக் குவியலைக் காட்டிக் கொத்தனாரைத் திட்டுகிறார்கள். கட்டட மேற்பார்வையில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை. வீணாவதில் பெரும்பங்கு, பொருள் மனையில் இறங்குவதற்கு முன்பே, வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் முடிவாகிவிடுகிறது என்பதே என் கருத்து.

கம்பியை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டுக்குள் வைக்கும் டி.எம்.டி. இரும்புக் கம்பி வழக்கமாக 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. தூணுக்கு 4.5 மீட்டர் தேவையென்றால் ஒரு கம்பியில் இரண்டு துண்டு போக 3 மீட்டர் மிஞ்சும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ எடை என்பதால் அந்த மிச்சம் ஏறக்குறைய 2.66 கிலோ, நூறு கம்பிகளை வெட்டினால் 266 கிலோ. அதே சமயத்தில் அஸ்திவாரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டும் கம்பி வலைக்கு அதே கம்பியில் ஒன்றரை மீட்டர் துண்டுகள் தேவைப்பட்டால், இந்த 3 மீட்டரை இரண்டாக வெட்டி அங்கே போட்டுவிடலாம், மிச்சமே இருக்காது. ஆனால் அதற்கு எந்த நீளத்தில் எத்தனை துண்டு என்ற வெட்டுப் பட்டியல் முன்கூட்டியே எழுதிக் கம்பி கட்டுபவர் கையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டியல் இல்லாத மனையில் அவர் அந்த வலைக்கும் முழுக் கம்பியைத்தான் எடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மூலையில் கிடக்கும் துண்டுகள் துருவேறி, கடைசியில் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன.

கண்ணுக்குத் தெரியும் குவியலைவிடச் சுவருக்குள்ளேயே மறைந்துவிடும் வீண் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தூக்குக்குண்டு சரியாகப் பிடிக்காமல் எழுப்பிய சுவரை மட்டத்துக்குக் கொண்டுவர, 12 மி.மீ. போதுமான உட்பூச்சை 24 மி.மீ. வரை ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆயிரம் சதுர அடிச் சுவருக்கு அந்தக் கூடுதல் பூச்சு மட்டுமே ஏறக்குறைய 40 கன அடிக் கலவை. அதைச் சுமந்துகொண்டு போக எந்த டிராக்டரும் வராததால் அது கணக்கிலும் வருவதில்லை. பூசி முடித்த சுவரில் மின்குழாய்க்குக் காடி வெட்டுவதும் இப்படித்தான்: சுவிட்ச் எங்கே வர வேண்டும் என்பதை வீட்டுக்காரர் பூச்சுக்குப் பிறகே முடிவு செய்கிறார். கட்டிய சுவரை இடித்து ஜன்னலை நகர்த்தச் சொல்லும் வீடுகளில் செங்கல், கலவை, கூலி மூன்றும் இருமுறை செலவாகின்றன. வரைபடத்தில் ஒரு கோடு மாற்றுவதற்கு ஒன்றும் செலவில்லை என்பதை வேலை தொடங்கும் முன்பே குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து பேசி உணர வேண்டும்.

மனையில் பொருளைச் சேமித்து வைக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தமாக இறக்கிய சிமெண்டு மூட்டைகளை வெறுந்தரையில் சுவரை ஒட்டி அடுக்கினால் ஈரம் ஏறும். மூன்று மாதம் தாண்டினால் வலுவும் குறையும். பாறையை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டை மண்தரையில் கொட்டினால் அடியில் உள்ளது மண்ணோடு கலந்து பயனற்றுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பகுதி சாக்கடைக்குள் இறங்கித் தெருவையே அடைக்கும். தார்ப்பாயும், சுற்றி ஒரு வரி செங்கல்லும் இருந்தாலே இதைப் பெருமளவு தடுத்துவிடலாம்.

2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் கழிவு உண்டாக்குவோர், அதைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என நான்காகப் பிரிக்க வேண்டும் என்றன. சாதாரண வீடு எதுவும் இந்த அளவைத் தொடாது. ஆனால் நகரைச் சுற்றி எழும் அத்தனை வீடுகளின் கழிவும் சேர்ந்தால்? பிரித்து வைத்தால் பயன்படுத்த வழியும் உண்டு. உடைந்த செங்கல்லை ஜல்லியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்துத் தட்டோட்டுக்கு அடியில் போடுவது நம் ஊர் மொட்டைமாடிகளில் நெடுங்காலமாக உள்ள முறை. கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, எம்25 என்ற வலுத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில்கூட 20 விழுக்காடு வரை மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியை அனுமதிக்கிறது.

இனி ஒப்பந்தம். கூலியை மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தரும் முறையில் மேஸ்திரிக்கு வேகம்தான் லாபம். அரைக்கல்லைத் தேடி எடுத்து வைப்பதில் அவருக்கு ஒரு காசும் கிடைக்காது. பொருளோடு சேர்த்துப் பேசினால் வீண் குறையும், ஆனால் தரத்திலும் கைவைக்கத் தோன்றும். மதிப்பீட்டில் செங்கல், பூச்சுக் கலவை, டைல்ஸ், கம்பி ஆகியவற்றின் அளவை எழுதி, கலவை விகிதமும் கம்பி எண்ணிக்கையும் வரைபடப்படி சரியாக இருந்து மிச்சமாவதில் ஒரு பங்கை வேலையாட்களுக்குத் தருவதாக முன்பே ஒப்புக்கொள்வது நியாயமானது என்று நினைக்கிறேன். கான்கிரீட்டுக்கான சிமெண்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அங்கே மிச்சம் பிடிக்க ஆசை காட்டினால் தூணின் வலுதான் குறையும்.