படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அந்தப் படம் சொந்தம்தான்

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் குடியிருப்பு மாடி அறையில் பிள்ளைகளுக்குப் படம் போட்டபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாளாக ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று இரவு குழுவில் வந்த அந்த வரி, "டப்பிங்தான் வேண்டுமென்றால் வீட்டிலேயே கார்ட்டூன் போட்டுக்கொள்ளலாம்" என்ற வரி, என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. திரையில் ஓடியது 'மை நெய்பர் டோட்டோரோ', ஜிப்லி நிறுவனத்துக்காக மியாசாகி இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் படம். சட்சுகி, மெய் என்ற அக்கா தங்கை, டோட்டோரோ என்ற பெரிய காட்டுப் பிராணியைச் சந்திக்கும் கதை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகள், பதினைந்து பேர் இருப்பார்கள். ஒலி ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கில சப்டைட்டில். ஒரு சிறுமி திரும்பித் திரும்பித் தன் அம்மாவிடம், "அவள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா காதோடு சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் ஓடிவிடும். அரை மணி நேரத்தில் பாய் பாதி காலி. அதே டிவிடியில் ஆங்கில ஒலி இருக்கிறது, மாற்றிவிடலாமே என்றேன். "குழந்தைகளின் ரசனையைக் கெடுக்காதீர்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் பதில் வந்தது.

பெங்களூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் கன்னடம், தமிழ், மலையாளம், இந்தி பேசும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். ஒன்றுசேர்ந்து விளையாடும்போது ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறார்கள், ஆங்கிலத்தில்தான் சமாதானமாகிறார்கள். அன்று திரையில் ஓடியதும் ஆங்கில எழுத்துதானே? ஆங்கிலம் எழுத்தாக வந்தால் ரசனை, குரலாக வந்தால் கெடுதல் என்பது எந்த ஊர் நியாயம்? சப்டைட்டிலும் மொழிபெயர்ப்புதான். அதுவும் சுருக்கித்தான் சொல்கிறது. ஒரே வேறுபாடு, அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். படிக்கத் தெரியாத குழந்தைக்கு டப்பிங்தான் படம்.

"மூலக் குரலின் உயிர் போய்விடும்" என்கிறார்கள். ஜப்பானிலும் பெரும்பாலான அனிமேஷன் படங்களுக்குப் படத்தைப் பார்த்துத்தான் குரல் கொடுக்கிறார்கள். அதற்கு அங்கே 'அஃபுரெகோ' என்றே பெயர். ஒரு நடிகர் வாயசைவைப் பார்த்து ஜப்பானிய மொழியில் பேசுகிறார், இன்னொருவர் அதே வாயசைவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுகிறார். டோட்டோரோவின் ஜப்பானியப் பதிப்பில் சட்சுகிக்கும் மெய்க்கும் குரல் கொடுத்தவர்கள் நோரிகோ ஹிடாகாவும் சிகா சகமோட்டோவும். இருவரும் வளர்ந்த பெண்கள், அருமையான கலைஞர்கள். டிஸ்னி வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பில் டகோட்டா ஃபானிங், எல் ஃபானிங் இருவரும் பேசினார்கள். நிஜமாகவே அக்கா தங்கை, அப்போது நிஜமாகவே சிறுமிகள். மெய் அடம்பிடிக்கும்போது அந்தக் குரலில் வரும் கீச்சு ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து வருவது. அதில் உயிர் இல்லை என்று சொல்ல எப்படித்தான் மனம் வருகிறது?

"விளம்பரத்துக்காக நட்சத்திரங்களைப் பிடித்துப் போடுகிறார்கள்" என்பது அடுத்தது. மியாசாகியின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' ஜப்பானில் வந்தபோது நாயகன் ஹவுலுக்குக் குரல் கொடுத்தவர் டக்குயா கிமுரா, அந்த நாட்டின் மிகப் பெரிய பாப் நட்சத்திரங்களில் ஒருவர். டோட்டோரோவில் அப்பாவுக்குக் குரல் கொடுத்த ஷிகெசாட்டோ இட்டோய் நடிகரே அல்ல, விளம்பர வாசகங்கள் எழுதியவர். மியாசாகியே இப்படித்தான் குரல்களைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு இல்லாத தீட்டு நமக்கு எதற்கு?

ஒரு நண்பர் மியாசாகியின் இன்னொரு படமான 'நௌசிகா'வை இழுத்துவந்தார். ஆம், அமெரிக்காவில் 1985-இல் அதை இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, பெயரையும் மாற்றி, சிதைத்து வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் ஒரு காட்சியைக்கூட வெட்டக் கூடாது என்று ஜிப்லி கறாராக நின்றது. ஆனால் அந்தக் குற்றம் கத்தரியுடையது. குரலின் மேல் ஏன் பழி?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மியாசாகியின் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தின் 1998 ஆங்கிலப் பதிப்பில் ஜிஜி என்ற கறுப்புப் பூனைக்கு மூலத்தில் இல்லாத பேச்செல்லாம் சேர்த்தார்கள். நாயகியான சூனியக்காரச் சிறுமி கிகி வளர்கிறாள், அதனால் பூனையின் பேச்சு அவளுக்குக் கேட்காமல் போகிறது. மூலத்தில் கடைசிவரை அது மறுபடி பேசுவதே இல்லை. ஆங்கிலத்தில் முடிவில் ஒரு வரி பேசவைத்துவிட்டார்கள். படத்தின் அடிவயிற்றிலேயே கைவைத்த தவறு அது, எனக்கும் வலித்தது. பின்னால் வந்த பதிப்பில் அதை நீக்கினார்கள். ஆனால் அவருடைய 'ஸ்பிரிட்டட் அவே'யில் சிறுமி சிஹிரோ ஒரு பெரிய கட்டடத்தைப் பார்த்து, இது குளியல் விடுதி என்று சொல்வதாக ஒரு வரி சேர்த்ததற்கும் கோபப்படுகிறார்கள். அங்கே தொங்கும் துணியில் இருக்கும் ஒற்றை எழுத்தைப் பார்த்தவுடன் ஜப்பானியக் குழந்தைக்குப் புரிந்துவிடும். நம் குழந்தைக்கு யார் சொல்வது? யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்?

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று கேட்டவர்களுக்கு. மூன்று வருடங்களுக்கு முன் பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது, யு.கே.ஜி. ஊரிலிருந்து மாமியார் வந்து பார்த்துக்கொண்டார். தினமும் மாலை அவளுக்கு டோட்டோரோ வேண்டும், ஆங்கிலத்தில். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் மகள் பாட்டியின் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வசனம் முடிந்ததும் தமிழில் சொல்வாளாம். "பாட்டி, அவர்களுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஆனால் வந்துவிடுவார்கள்." மாமியார் இதை என்னிடம் சொன்னபோது புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போனதும், அதுவரை பெரியவள் போல எல்லாவற்றையும் தாங்கிய சட்சுகி, அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உடைந்து அழுவாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மெய், ஒரு சோளக்கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருத்துவமனையைத் தேடித் தனியாகக் கிளம்பிவிடுவாள்.

பதினோராம் நாள் பார்வை நேரத்தில் என் மகள் வந்தாள். கையில் தோல் உரிக்காத ஒரு மக்காச்சோளம். பச்சைத் தோலின் மேல் நீலப் பேனாவால் 'அம்மா' என்று எழுதியிருந்தாள். பேனா தோலின் நரம்பில் இடறி, கடைசித் துணைக்கால் கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அவளுக்கு அப்போது எழுதத் தெரிந்த சொற்களே நான்கைந்துதான். அவளால் சப்டைட்டில் படித்திருக்க முடியுமா? ஜப்பானிய ஒலியில் பார்த்திருந்தால், இரண்டு சிறுமிகள் ஓடுவதையும் ஒரு பெரிய சாம்பல் நிறப் பிராணி தூங்குவதையும் பார்த்திருப்பாள். சட்சுகியின் பயம் என்ன என்று அவள் காதால் கேட்டதனால்தான் அந்தச் சோளம் என் கட்டிலுக்கு வந்தது. நான் கார்ட்டூன் சேனலைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியவள்தான் என்று சொன்னவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தெரியாதபோது வாயை அளந்து பேசலாம்.

"ஒலி புரியாவிட்டாலும் படம் புரியும்" என்றும் ஒருவர் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் டோட்டோரோ குடையின் மேல் விழும் மழைத்துளிச் சத்தத்தைக் கேட்டு மகிழும் இடத்துக்கு மொழியே வேண்டாம், உண்மைதான். ஆனால் முழுப்படமும் மழை அல்ல. 1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை மௌக்லி பார்த்தவள் நான். அது ஜப்பானில் தயாரான தொடர் என்பது அப்போது தெரியாது. இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஷேர்கான் ஏன் உறுமுகிறான், ஓநாய்கள் எதற்குக் கூடிப் பேசுகின்றன என்று மாமாவைக் கேட்டால், "பேசாமல் பார்" என்பார். பாதிக் கதையை நானாக ஊகித்துக்கொண்டேன். வாசலில் நிறுத்திவைக்கப்பட்டதுபோல இருக்கும். அன்று பாயிலிருந்து எழுந்து போன சிறுமியின் முகத்தில் நான் அதைத்தான் பார்த்தேன்.

"அப்படியானால் தமிழில் கேளுங்களேன், ஆங்கிலத்துக்கு ஏன் வக்காலத்து?" கேட்கிறேன், நிச்சயமாகக் கேட்கிறேன். ஜப்பானியக் கார்ட்டூன்களின் ஷின்சானும் டோரேமானும் தமிழ் பேசினார்கள், நம் பிள்ளைகள் அவர்களைப் பக்கத்து வீட்டுப் பையன்களாகவே நினைத்தார்கள். டோட்டோரோ நல்ல தமிழில் வந்தால் முதல் ஆளாக நான் நிற்பேன், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. அதுவரை, இருப்பது ஆங்கிலக் குரல். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும்.

ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஜப்பானிய ஒலியில் தாராளமாகப் பார்க்கட்டும். என் மகளே இப்போது அப்படியும் பார்க்கிறாள்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் டோட்டோரோ போடுகிறேன், ஆங்கில ஒலியில். ஞாயிறு அன்று பாதியில் எழுந்து போன பிள்ளைகளின் பெற்றோர் தயவுசெய்து அழைத்து வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு முன்வரிசை. சோளம் அவித்து வைக்கிறேன்.