டியூப் லைட் ஒளிர்வது புற்றுநோய்க்கு ஆதாரமாகாது

"உயர் அழுத்தக் கம்பிக்கு அடியில் டியூப் லைட் தானாக எரிகிறது, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு" என்று சிலர் சொல்வது தவறு. டியூபை ஒளிரவைப்பது மின்புலம். வீட்டுச் சுவரே அதைப் பெருமளவு தடுத்துவிடும். அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் 2பி பிரிவில் வைத்தது காந்தப்புலத்தை, "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்" என்ற அளவில் மட்டும். காந்தப்புலம் சராசரியாக 0.3–0.4 மைக்ரோடெஸ்லாவை (அதை அளக்கும் அலகு) தாண்டிய வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. காந்தப்புலம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. கம்பியிலிருந்து தூரம் இரட்டித்தால் காந்தப்புலம் ஏறத்தாழக் கால்வாசியாகிவிடும்.

சந்தேகமிருந்தால் ஃபிரிட்ஜ், மோட்டாரை அணைத்துவிட்டு, படுக்கையருகே காஸ்மீட்டர் (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) வைத்து மாலையில் அளந்து பாருங்கள். கருவி மில்லிகாஸ் என்ற அலகில் காட்டினால், 3 மில்லிகாஸ் என்றால் 0.3 மைக்ரோடெஸ்லா.

பயப்பட வேண்டியது மாடி எழுப்பும்போது மின்சாரம் தாக்குவதற்குத்தான். 110 கிலோவோல்ட் கம்பிக்குப் பக்கவாட்டில் 2.9 மீட்டர் இடைவெளி கட்டாயம், அதுவும் கம்பி காற்றில் ஆடும் எல்லையிலிருந்து!