ஸ்விண்டனை நடத்தியவர் புருனல் இல்லை

"ஸ்விண்டன் ரயில் பணிமனையை நடத்தியதே புருனல்தான், ஆர்ச்சிபால்ட் ஸ்டரக் பேருக்கு மேலாளர்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஸ்விண்டன், இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் பணிமனை இருந்த ஊர். அந்தக் கம்பெனியின் பாதை, பாலங்கள், சுரங்கம் எல்லாம் பொறியாளர் புருனல் கணக்கு, சரி. ஆனால் இஞ்சின் விவகாரம் டேனியல் கூச் கையில் இருந்தது. 1837-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது 20, அவ்வளவுதான். பணிமனைக்கு ஸ்விண்டனைச் சிபாரிசு செய்ததும் அவரே.

1843-இல் அது இயங்கத் தொடங்கியபோது முதல் மேலாளராக வந்தவர் ஸ்டரக். டண்டீ வார்ப்பாலையில் தொழில் பழகிய ஸ்காட்லாந்துக்காரர். கூச்சும் அங்கே வேலை பார்த்தவர் என்பதால் பழக்கம் முன்பே உண்டு. ஆரம்பத்தில் பழுது பார்ப்பதுதான் வேலை. 1846-இல் 'கிரேட் வெஸ்டர்ன்' இஞ்சினை முழுக்க அங்கேயே 13 வாரத்தில் செய்து முடித்தார்கள். வடிவமைப்பு கூச்சுடையது, ஆனால் பட்டறைத் தளத்தில் ஆளையும் இரும்பையும் கட்டி மேய்த்தது மேலாளர்தானே? (அதே வருடம் அதன் முன் அச்சு முறிந்தது. பாரம் தாங்க முன்னால் இன்னொரு ஜோடிச் சக்கரம் சேர்க்க வேண்டியதாயிற்று.)

பேருக்கு மேலாளராக இருந்தவரை 1850-இல் கிரேட் நார்தர்ன் என்ற வேறொரு ரயில் கம்பெனி தன் இஞ்சின் துறைத் தலைவராக அழைத்திருக்குமா? அந்தக் கம்பெனியின் டான்காஸ்டர் பணிமனை அவர் காலத்தில் வந்ததுதான். அப்புறம் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டருக்கு அடியிலும் சிலிண்டர் பொருத்தி, அதன் சக்கரங்களையும் நீராவியால் ஓட்டிப் பார்த்தார். பராமரிப்புத் தொல்லையால் அது நிலைக்கவில்லை. அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த பாட்ரிக் ஸ்டிர்லிங் கழற்றிவிட்டார். தோற்ற யோசனைதான், ஆனால் பொம்மை மேலாளருக்கு வரக்கூடிய யோசனை இல்லை.