சமச்சீர்க் கல்விக்குப் பிறகு இடம்பெயர்ந்த ஏற்றத்தாழ்வு

நான் அரசுப் பள்ளியில் படித்த நாளில், பக்கத்து வீட்டுப் பையன் மெட்ரிகுலேஷனில் படித்தான். ஒரே தெரு, ஒரே வயது. ஆனால் பாடநூல் வேறு, பத்தாம் வகுப்பில் எழுதிய பொதுத்தேர்வும் வேறு. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று தமிழ்நாடு தன் பிள்ளைகளை நான்காகப் பிரித்து வைத்திருந்த காலம் அது.

இந்த நான்கையும் ஒரே பொதுப் பாடத்திட்டமாக்கும் சமச்சீர்க் கல்விக்காக முத்துக்குமரன் குழு அமைந்து, 2010இல் சட்டமும் வந்து, மறு ஆண்டே ஆட்சி மாறியதும் திட்டத்தை நிறுத்திவைக்க முயன்றார்கள். புத்தகங்கள் அச்சாகிக் கிடக்க, பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தனர். 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே பொதுப் பாடநூல் அனைவர் கைக்கும் வந்தது. அதை இன்றும் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

ஆனால் பாடநூல் பொதுவானதும், கட்டணம் கட்ட முடிந்தவர்கள் சிபிஎஸ்இ பக்கம் நகரத் தொடங்கினார்கள். மெட்ரிக் பள்ளி நடத்தியவர்களே அதே வளாகத்தில் சிபிஎஸ்இ பள்ளியையும் திறந்தார்கள். பெற்றோரைக் குறை சொல்லமாட்டேன், என் உறவினர்களும் அதைத்தான் செய்தார்கள். தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை நீக்கிப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக்கியபோதும் ஏற்றத்தாழ்வு இப்படித்தான் வேறு இடத்துக்கு நகர்ந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்த உறைவிடப் பள்ளிகள் செழித்தன.

2017இல் மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத்தேர்வு தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதன் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது, முதல் முறை எழுதுவோரைப் பின்னுக்குத் தள்ளி, மறுமுறை எழுதுவோர் மருத்துவ இடங்களைப் பெறும் போக்கு வளர்ந்தது என்பதே. மறுமுறை எழுதுவது என்றால் பயிற்சி மையத்துக்குப் பணம் மட்டுமல்ல, பள்ளி முடித்த பிள்ளை ஓராண்டு வருமானமில்லாமல் வீட்டில் இருந்து படிப்பதை அந்தக் குடும்பம் தாங்கவேண்டும். கட்டட வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு அந்த ஓராண்டை யார் தருவார்கள்? வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று வாதிடுபவர்கள் இந்த ஓராண்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2020இல் கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால், அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் நுழைந்தார்கள். அதை முழுமனதோடு வரவேற்கிறேன். எனினும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் பொதுவான விதி. அரசே ஆசிரியர்களுக்குச் சம்பளம் தரும் உதவிபெறும் பள்ளிகளின் மாணவர்கள் இதில் சேரமாட்டார்கள். அங்கும் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதே கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள்தாம். பத்து, பதினோரு வயதில், வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பள்ளியில் சேர்ந்தார்களோ, அது ஏழு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய இடத்தைத் தீர்மானிக்கிறது.