ஃப்ளாப்பிக்கு நான் எங்கே போவேன்?

மூன்று நாளாக ஒரு பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் செருகியிருக்கும் அளவீட்டுக் கருவியின் கார்டு விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். "இன்னுமா எக்ஸ்பி? தூக்கிப் போடு" என்பவர்கள் முதலில் ஒரு புதுக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

மதர்போர்டு செத்துப்போனது. கையிலிருந்த இன்னொன்றை மாட்டினேன். அதில் டிஸ்க்கோடு பேசும் சாட்டா கன்ட்ரோலருக்கு ஏ.எச்.சி.ஐ. என்ற புது முறை மட்டும்தான் தெரியும்; எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கிடையாது. பயாஸில் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய ஐ.டி.ஈ. முறைக்கு மாற்ற வழியே இல்லை. ("ஐ.டி.ஈ.க்கு மாற்று, முடிந்தது" என்று வருகிறவர் எல்லாரும் சொல்லியாகிவிட்டது, நன்றி.) பழைய டிஸ்க்கைப் போட்டால் நீலத் திரை, 7பி பிழை. தொடக்கத்தில் பயாஸ்தான் டிஸ்க்கைப் படித்துக் கொடுக்கிறது. விண்டோஸின் மையமான கெர்னல் எழுந்து பொறுப்பை வாங்கியதும் தன் சொந்த டிரைவரைத் தேடுகிறது, அது இல்லை. எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்து வந்ததோ, அதையே காணவில்லை என்று விழுந்துவிடுகிறது!

சரி, புதிதாகவே போடுவோம் என்று சிடியைச் செருகினேன். திரையின் அடியில் வெளி டிரைவர் சேர்க்க வேண்டுமானால் எஃப்6-ஐ அழுத்தச் சொல்லி ஒரு வரி சில நொடி எட்டிப்பார்க்கும். அழுத்தினால் எந்தச் சலனமும் இருக்காது. விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் பத்து தடவை குத்த வேண்டும். சில நிமிடம் கழித்து சாவகாசமாகக் கேட்கிறது: டிரைவர் உள்ள ஃப்ளாப்பியை ஏ டிரைவில் போடு.

அட, நீ ஓடிக்கொண்டிருப்பதே சிடியிலிருந்துதானே! டிரைவரும் ஒரு சிடியில்தான் இருக்கிறது, பென் டிரைவிலும் இருக்கிறது. ஊஹூம், ஃப்ளாப்பிதான் வேண்டுமாம். எக்ஸ்பி வந்தது 2001இல், அதை மன்னிக்கலாம். அதற்கான திருத்தத் தொகுப்பு, மூன்றாம் சர்வீஸ் பேக், 2008இல் வந்ததே, அதிலாவது இந்த டிரைவரைச் சேர்த்திருக்கக் கூடாதா?

யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். இன்ஸ்டாலர் குறிப்பிட்ட சில மாடல்களைத்தான் மதிக்கும். முதலில் கிடைத்ததை அது சீண்டவே இல்லை, இரண்டாவதை ஏற்றுக்கொண்டது. உடனே கன்ட்ரோலர் சிப்களின் பட்டியல் ஒன்று: ஐசிஎச்9ஆர், ஐசிஎச்9எம், ஐசிஎச்10ஆர்... ஒரே எழுத்து மாறினாலும் திரும்ப நீலத் திரை. சரியானதைப் பிடித்து, பார்ட்டிஷன் போட்டு, பார்மட் முடியும்வரை காத்திருந்தேன். ஃபைல்களை நகலெடுக்கும் நேரத்தில் அதே ஃப்ளாப்பியை மறுபடி கேட்டது. இந்த முறை படிக்க முடியவில்லை. ஃப்ளாப்பியின் மொத்த 1.44 எம்.பி.யில் ஒரு செக்டர் (சிறு துண்டு) போய்விட்டதாம். மானிட்டரை உடைக்காமல் விட்டது என் பொறுமை.

கடைசியில் என்லைட் என்ற மென்பொருளில் டிரைவரை எக்ஸ்பி சிடிக்குள்ளேயே திணித்துப் புது சிடி எரித்தேன். எஃப்6 இல்லை, கேள்வி இல்லை, நேராக ஏறியது. இதை முதல் நாளே செய்யாத என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

டெஸ்க்டாப் வந்ததும் பென் டிரைவைச் செருகினேன். மூலையில் ஒரு பலூன் துள்ளிக்கொண்டு வந்தது: புதிய வன்பொருள் கண்டறியப்பட்டதாம்.